ஆயில் விளக்கும் இன்ஜின் விளக்கும்: எதற்கு நிறுத்தணும், எதற்கு ஓட்டலாம்

நீங்கள் கேட்டது இது. பெட்ரோல் கார். டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் இரண்டு நாள் எரிந்துவிட்டுத் தானாகவே அணைந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயந்துபோய், இந்தச் சின்னச் சின்னக் குறிகள் எல்லாவற்றுக்கும் பொருள் சொல்லுங்கள் என்கிறீர்கள். கூடவே கடைசி வரியில், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: நெடுநேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நிற்கும்போது ஆயில் கேன் மாதிரி ஒரு சிவப்புக் குறி ஓரிரு நொடி மினுக்குகிறது, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் போய்விடுகிறது, அது ஒன்றும் பெரிய விஷயமில்லையே என்று. பெரிய விஷயம் அதுதான். இன்ஜின் படத்தைப் பற்றி நிதானமாகப் பேசலாம், அதற்கு நேரம் இருக்கிறது. ஆயில் குறிக்கு அவ்வளவு நேரம் இல்லை. நாற்பது ஐம்பது குறிகளுக்குப் பெயர் சொல்லும் படங்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன, அதை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. விளக்கு எரிந்த அந்த நிமிடத்தில் வண்டியை ஓரங்கட்டுவதா, மெதுவாக வீடு போய்ச் சேருவதா, அடுத்த சர்வீஸ் வரை விடுவதா, இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கார்களின் மின்சாரப் பகுதியைப் பழுது பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை.

முதலில் நிறம். இந்தக் குறிகளுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று ஒரு உலகப் பொதுத் தரம் இருக்கிறது, அதனால்தான் எந்தக் கம்பெனி காரில் உட்கார்ந்தாலும் முக்கியமான படங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. சிவப்பு என்றால் ஆபத்து, இப்போதே கவனி. மஞ்சள் அல்லது ஆரஞ்சு என்றால் ஏதோ ஒன்று சரியில்லை, சீக்கிரம் பார். பச்சை, ஒரு வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நீலம் பெரும்பாலும் ஹை பீம். வெப்பமானி முள் இல்லாத சில கார்களில் இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று காட்டவும் நீலம் வரும். இதில் ஒரு திருத்தம்: சிவப்பாக எரிவதெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்வதில்லை. சீட் பெல்ட், திறந்திருக்கும் கதவு, இழுத்து விட்ட ஹேண்ட் பிரேக் எல்லாமே சிவப்புதான். பூட்டி நிறுத்திய காரில் விட்டு விட்டுக் கண் சிமிட்டும் சிவப்புப் புள்ளி திருட்டுத் தடுப்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அதேபோல "மஞ்சள் என்றால் கண்டுகொள்ளாதே" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. மஞ்சளிலும் நிலையாக எரிவது வேறு, கண் சிமிட்டுவது வேறு. அதை இன்ஜின் விளக்குக்கு வரும்போது சொல்கிறேன்.

இன்னொரு அடிப்படை. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சில நொடி ஒன்றாக எரியும். இது விளக்கே ஒழுங்காக எரிகிறதா என்று வண்டி நமக்குக் காட்டும் சோதனை. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. எரிய வேண்டிய விளக்கு அந்த நேரத்தில் எரியாவிட்டால், எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட அது கவலைக்குரியது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏர்பேக் கெட்டுப்போன காரை விற்பதற்காக மீட்டரைக் கழற்றி அந்த விளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அதை ஆயில் விளக்கோடு சேர்த்து ஒயர் போட்டுவிடுவார்கள், இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், ஏர்பேக் விளக்கு தன் சோதனையை முடித்துக்கொண்டு சில நொடியில் தனியாக அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கும் ஆயில் விளக்கும் ஒட்டிக்கொண்டே இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

சரி, ஆயில் குறி. நீண்ட மூக்குள்ள கேன், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. (சில கார்களில் கேனுக்கு அடியில் அலைபோன்ற ஒரு கோட்டோடு மஞ்சளாக வேறொரு குறி வரும், அதுதான் அளவு.) இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன சுவிட்ச் திருகியிருக்கும், உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சவ்வும்தான். ஆயில் பம்ப் தரும் அழுத்தம் அந்த சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கும்வரை விளக்கு அணைந்திருக்கும். அழுத்தம் குறைந்து ஸ்பிரிங் ஜெயித்தால் விளக்கு எரியும். பல கார்களில் அது ஜெயிக்கும் இடம் சுமார் 0.3 முதல் 0.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). நன்றாக இருக்கும் இன்ஜின் சூடாகி ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது) நிற்கும்போதே கிட்டத்தட்ட 1 பார் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும், ஓட்டத்தில் 3, 4 பார் வரை போகும். ஆக இந்த விளக்கு முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. அழுத்தம் ஏற்கெனவே கீழே விழுந்த பிறகுதான் எரிகிறது. கிராங்க் ஷாஃப்ட்டும் (இன்ஜினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டு) அதன் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவது நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தால்தான். அந்தப் படலம் போனால் உலோகம் உலோகத்தில் உரசும், அப்புறம் நிமிடக் கணக்குதான்.

உங்கள் வண்டியில் சூடான பிறகு, ஐடிலிங்கில் மட்டும் மினுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். ஐடிலிங்கில் பம்ப் மிக மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேரும் அந்த நேரத்தில்தான் அழுத்தம் அதன் அடிமட்டத்தில் இருக்கும். நீங்கள் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பம்ப் வேகமெடுக்கிறது, விளக்கு அணைகிறது. அணைந்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தமில்லை, எல்லைக்கோட்டின் மேல் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்கிற யாரையும் நம்பவும் வேண்டாம். சாத்தியங்களை மட்டும் சொல்லலாம்: ஆயில் குறைந்திருக்கலாம், கடைசி சர்வீஸில் உங்கள் இன்ஜினுக்கு உரியதைவிட மெல்லிய கிரேடு ஊற்றியிருக்கலாம், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கலாம், மாற்றாமல் விட்ட ஆயில் குழம்பாகி, அடியில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்திருக்கலாம், பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம். அல்லது எல்லாம் நன்றாக இருந்து அந்த சுவிட்ச் மட்டும் கெட்டிருக்கலாம். இது உண்மையிலேயே அடிக்கடி நடப்பதுதான். சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே ஆயில் கசிந்து பின்கள் ஈரமாக இருக்கும், அப்படியிருந்தால் சுவிட்ச் மேல் சந்தேகப்படலாம்.

ஆனால் சந்தேகம் வேறு, தெரிவது வேறு. உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. அந்த சுவிட்சைக் கழற்றி அதே துளையில் அழுத்தம் அளக்கும் மீட்டர் ஒன்றைத் திருகி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கிலும், நிமிடத்துக்கு 2000, 3000 சுற்றிலும் அழுத்தம் எவ்வளவு என்று படித்து, அந்த இன்ஜினுக்கு உற்பத்தியாளர் சொன்ன எண்ணோடு ஒப்பிடுவது. மெக்கானிக் இதைச் செய்யாமல் சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டு "விளக்கு போயிடுச்சு சார்" என்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் சுவிட்ச் ஒன்றைப் போட்டாலும் விளக்கு போகும், இன்ஜின் அப்படியேதான் இருக்கும். அதேபோல தடித்த ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பதும் உண்டு, அதுவும் மருந்தல்ல.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு காட்டும் குச்சியைப் பார்ப்பது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆயில் கீழே இறங்க ஐந்து நிமிடமாவது விட்டு, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் படியுங்கள். முதல் தடவை எடுத்துப் படிப்பது பொய் சொல்லும், குச்சி முழுக்கத் தெறித்திருக்கும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் அளவு சரி. பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே ஒரு லிட்டருக்குப் பக்கத்தில் வித்தியாசம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்குறியைத் தாண்டி ஊற்றினால் சுற்றும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரையால் அழுத்தம் தாங்காது. குச்சியை மோந்தும் பாருங்கள், பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் அதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த விளக்கு நிலையாக எரிந்தால் விதி ஒன்றுதான்: ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். "ஐடிலிங்கில் விட்டுப் பார்ப்போம்" என்று நிற்காதீர்கள், ஐடிலிங்கில்தான் அழுத்தம் இருப்பதிலேயே குறைவு. அளவு குறைந்திருந்தால் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சில நொடியில் விளக்கு அணைந்தால் மெதுவாகப் போகலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டால் இழுத்துத்தான் போக வேண்டும்.

இதே வரிசையில் வருவது வெப்பக் குறி, அலையில் நிற்கும் தெர்மாமீட்டர். சிவப்பாக எரிந்தால் ஏசியை அணைத்து, முடிந்தால் ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள் (உள்ளே வேர்க்கும், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வெளியே எடுக்கும்), பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய் ஒட்டுமொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: கூலன்ட் முழுக்கக் கொட்டிப்போனால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும், அப்போது முள் ஏறாமல், சில நேரம் இறங்கிக்கூடக் காட்டும். ஆகவே போனட்டிலிருந்து ஆவி வந்தாலோ, ஹீட்டர் திடீரென்று குளிர்க்காற்று விட்டாலோ, முள் என்ன சொன்னாலும் நிறுத்திவிடுங்கள்.

பேட்டரி படம் எரிந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து நேராகப் புதுசு வாங்கப் போகிறார்கள். அது சார்ஜ் ஏறவில்லை என்பதற்கான விளக்கு. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது), அதை ஓட்டும் பெல்ட், நடுவில் ஒரு ஒயர், இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை: இன்ஜின் அணைந்து ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது வழக்கமாக 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்று இறங்கிக்கொண்டிருந்தால் சார்ஜ் ஏறவில்லை. (புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அங்கே இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.) மின்சாரம் தீரும்வரை வண்டி ஓடும், எவ்வளவு தூரம் என்பது பேட்டரியின் நிலையையும் நீங்கள் எரியவிட்டிருக்கும் விளக்குகளையும் பொறுத்தது, ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நடுவழியில் அணைக்காமல் போய்ச் சேருங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு. சில இன்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஓட்டும். பேட்டரி விளக்கு எரிந்து, வெப்பமும் ஏறினால், அல்லது ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால், பெல்ட் அறுந்திருக்கலாம். அங்கேயே நிறுத்துங்கள்.

பிரேக் விளக்கு, அதாவது வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு. முதலில் ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். குறைந்தால் கசிவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் பிரேக் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பும், அதனாலேயே மேலே டப்பாவில் மட்டம் இறங்கும். இறக்கத்திலோ வளைவிலோ மட்டும் விளக்கு மினுக்கிவிட்டுப் போனால் முதலில் பேடைப் பாருங்கள். பேடைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் நிரப்பினால், பின்னால் புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், ஆயில் வழிந்து பெயின்ட்டைத் தின்னும். மிதித்தால் பெடல் பஞ்சாக உள்ளே போகிறது என்றால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஏபிஎஸ் என்று மஞ்சளில் தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி மட்டும் இல்லை. ஈரச் சாலையில் இடைவெளி விட்டு ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம். ஏபிஎஸ் மஞ்சளும் பிரேக் சிவப்பும் சேர்ந்து எரிவது வேறு கதை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம், பலமாக மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி திரும்பிவிடும்.

இப்போது உங்கள் இன்ஜின் விளக்கு. இது முதலில் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த விளக்கு. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற ஒரே மாதிரியான கண்காணிப்பு கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட் அதனால் வந்ததுதான். புகையைக் கெடுக்கக்கூடிய எந்தக் கோளாறும் இந்த ஒரே படத்தை எரியவைக்கும். ஆகவே விளக்கை மட்டும் பார்த்து என்ன கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கான காரணங்களுக்கு ஒரே படம். பெரும்பாலான கோளாறுகளுக்கு கம்ப்யூட்டர் ஒரு தடவை பார்த்ததும் விளக்கை எரிக்காது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால்தான் எரிக்கும். அதேபோல தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் கோளாறு தென்படாவிட்டால் தானே அணைத்துவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். ஆனால் விளக்கு அணைந்தாலும் அந்தக் கோளாறின் குறியீட்டு எண் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும், இன்ஜின் குளிர்ந்து சூடாகும் சுற்று 40 முடியும்வரை வழக்கமாக அழியாது. அதனால் யாராவது "பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டு, சரியாகிடும்" என்றால் செய்யாதீர்கள். கையில் இருக்கும் ஒரே தடயம் அதோடு அழிந்துவிடும்.

அந்தச் சாக்கெட்டில் செருகிப் படிக்கும் ஸ்கேனரில் வரும் எண் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை, கம்ப்யூட்டர் என்ன கண்டது என்று மட்டுமே சொல்கிறது. இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பி0171 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம், பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஆக்சிஜன் சென்சார், உடனே அந்த சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். சொன்னவனைத் தண்டிப்பதுதான் அது. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போவதுதான்: இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) பக்கம் போகும் ஒரு ரப்பர் குழாய், மேலே இருந்து பார்த்தால் புதுசு போல இருக்கும், வளைவில் விரலால் மடக்கினால்தான் அடிப்பக்கம் நகக்கீறல் போல வெடிப்பு வாய் திறக்கும். இதை ஊகிக்கவே வேண்டாம், ஸ்கேனரிலேயே தெரியும். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்று ஒரு எண் ஓடும், ஃபியூவல் டிரிம் என்பார்கள். ஐடிலிங்கில் அது எக்கச்சக்கமாக இருந்து, சுற்று ஏற ஏறச் சாதாரணமானால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, அழுத்தி ஓட்டும்போது ஏறினால் பெட்ரோல் போதவில்லை, பம்ப்பையோ ஃபில்டரையோ பாருங்கள். அதோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒன்று இருக்கும்: கோளாறு பதிவான நொடியில் வேகம் எவ்வளவு, இன்ஜின் சுற்று எவ்வளவு, கூலன்ட் எத்தனை டிகிரி என்று ஒரு பதிவு. காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் கோளாறா, சூட்டில் வருவதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இதைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து அழிக்கிற மெக்கானிக்கைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல இழுத்தால் ஓட்டலாம், சில நாளில் காட்டுங்கள். அதே விளக்கு கண் சிமிட்டினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பிடிக்காமல் பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது, வண்டியும் உதறும். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டையே உருக்கிவிடும். ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மாற்றுவதோடு போக வேண்டியது கன்வர்ட்டர் வரை இழுத்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை விடுங்கள், சிமிட்டுவது நின்றால் மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போங்கள், நிற்காவிட்டால் நிறுத்துங்கள். காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், அடியில் இருக்கும் சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும்.

நாலைந்து மஞ்சள் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் நாலைந்து கோளாறு என்று பதற வேண்டாம். ஒரு சக்கரத்தின் வேக சென்சார் செத்தாலே ஏபிஎஸ், சறுக்கல் தடுப்பு, மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி எல்லாம் வரிசையாக எரியும், மூன்றும் அந்த ஒரே தகவலை நம்பியிருப்பவை. பேட்டரி பலவீனமாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்த உடனே இப்படி வரும். எனவே பேட்டரி வோல்டேஜை முதலில் பாருங்கள். சறுக்கல் தடுப்பு விளக்கு, வளைந்த தடத்தோடு இருக்கும் கார் படம், சிமிட்டினால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது, பிடிப்பு குறைந்த சாலையில் இருக்கிறீர்கள். நிலையாக எரிந்தால்தான் கோளாறு அல்லது யாரோ பட்டனை அணைத்திருக்கிறார்கள்.

டயர் விளக்கு, குதிரை லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி. குளிர்ந்த காலையில் எரிந்து, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு அணைந்தால் பங்சர் என்று நினைக்க வேண்டாம். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், ஏற்கெனவே குறைவாக இருந்த டயர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. குளிர்ந்த டயரில் அளந்து, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடித்தால் போதும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் காற்றில் பிரச்சினையில்லை, அந்தக் கண்காணிப்பே கெட்டிருக்கிறது, சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது, ஏபிஎஸ் சொல்லும் சக்கர வேகத்தை ஒப்பிட்டு எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும். நான்கு டயரிலும் ஒரே அளவில் மெதுவாகக் காற்று இறங்கினால் அதற்குப் பிடிபடாது. அதனால் விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று பார்க்காமல் விடாதீர்கள், காற்று பிடித்த பிறகு ரீசெட் செய்யவும் மறக்காதீர்கள்.

ஏர்பேக் விளக்கு நிலையாக எரிந்தால் விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம், வண்டி ஓடும் என்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், அப்படி விடாதீர்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர், சீட்டை முன்பின் தள்ளும்போது தளர்வது அடிக்கடி பார்க்கும் காரணம், ஆனால் அதை நீங்களே மீட்டர் வைத்துச் சோதிக்கக் கூடாது. டீசல் காரில் சுருள் கம்பி படம் எரிந்தால் அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்டிக்குள் புள்ளிகள் மாதிரி வந்தால் கரி வடிகட்டி நிறைந்திருக்கிறது, ஊருக்குள் நின்று நின்று ஓட்டாமல் நெடுஞ்சாலையில் கால் மணி நேரமாவது சீராக ஓட்டினால் பெரும்பாலும் அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி அம்பு டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்டுகிறது. 1986-இல் ஃபோர்டில் இருந்த ஜிம் மொய்லன் என்ற பொறியாளர் எழுதிக் கொடுத்த யோசனை அது, எனக்கு மிகவும் பிடித்த குறியும் அதுதான். படத்தில் பம்பின் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மூடி என்று சொல்வதை நம்பாதீர்கள், அம்பு இருந்தால் மட்டுமே கணக்கு.

பொதுத் தரத்தைத் தாண்டி, கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற குறிகளும் உண்டு. ஸ்பேனர் படம் ஒரு காரில் சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லும், இன்னொன்றில் இன்ஜின் கியர் பக்கம் கோளாறு என்று சொல்லும். முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி, பல்சக்கரத்துக்குள் ஆச்சரியக்குறி, மின்சாரக் காரில் வரும் ஆமை படம் இவற்றுக்கெல்லாம் உங்கள் காரின் கையேடுதான் பேச வேண்டும், இணையத்துப் பட்டியல் அல்ல. கையேடு தொலைந்திருந்தால் பல கம்பெனிகளின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கைபேசியோடு இணையும் மலிவான ஸ்கேனர் இன்ஜின் எண்ணைப் படிக்கப் போதும், ஏபிஎஸ், ஏர்பேக் எண்களைப் பெரும்பாலும் படிக்காது. அதைச் சாக்கெட்டிலேயே செருகி விட்டுவிட்டால் பேட்டரியையும் குடிக்கும், படித்ததும் கழற்றிவிடுங்கள்.

ஆகவே முதலில் டிப்ஸ்டிக், அடுத்து சூட்டில் ஆயில் அழுத்த அளவு, அது தெரியும்வரை நெடுந்தூரப் பயணம் வேண்டாம். அதே ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் அழிக்கும் முன்பு திரையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஐடிலிங்கில் எவ்வளவு, சுற்று ஏற்றியதும் எவ்வளவு, கடைசியாக ஊற்றிய ஆயிலின் கிரேடு என்ன, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இந்த நான்கையும் அந்தப் புகைப்படத்தோடு சேர்த்து இங்கே எழுதிப் போடுங்கள். அடுத்து எதைக் கழற்றிப் பார்ப்பது, எதைத் தொடவே வேண்டாம் என்று அப்போது சொல்கிறேன்.